சைக்கிள் கியர் ஏன் சத்தம் போடுகிறது? எண்ணிப் பார்த்தால் தெரியும்!

சைக்கிள் கியர் சத்தம் போடத் தொடங்கியதும் நம்மில் பலர் செய்யும் முதல் வேலை எண்ணெய்ப் புட்டியைத் தேடுவதுதான். சங்கிலி முழுவதும் எண்ணெயை ஊற்றுவோம். இரண்டு நாள் சத்தம் குறையும். பிறகு மீண்டும் ‘டக், டக்’ என்று தொடங்கிவிடும். சிலர் அதற்கும் பழகிப்போய், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு மிதிப்பார்கள்.

இதில் ஆபத்து இருக்கிறது. தேய்ந்துபோன சங்கிலி, மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது பற்களிலிருந்து நழுவக்கூடும். அப்போது கால் பிடிமானமின்றிச் சட்டென்று கீழே இறங்கும்; உடல் முன்னால் சாய்ந்து ஹேண்டிலில் மோதும். கீழே விழுந்து வளைந்துபோன கியர் பாகம் பின்சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கினால், ஓடிக்கொண்டிருக்கும் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் முன்னதாகப் பெரும்பாலும் ஒரு சத்தம் வரும். எண்ணெய் அந்தச் சத்தத்தை அமுக்கிவிடலாம். தேய்ந்ததையும் வளைந்ததையும் சரிசெய்யாது.

இருமலோடு செல்பவருக்கு மருத்துவர் உடனே மருந்து எழுதிக் கொடுப்பதில்லை. எப்போது வருகிறது, எத்தனை முறை வருகிறது, படுத்தால் கூடுகிறதா என்று கேட்கிறார். சைக்கிளிடமும் அதே கேள்விகளைக் கேட்கலாம். அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். காது, எண்ணத் தெரிந்த மூளை, ஓர் அளவு நாடா ஆகியவை போதும்.

கியருக்குள் என்ன நடக்கிறது?

பெடலை மிதித்தால் முன்னால் உள்ள பெரிய பற்சக்கரம் சுழல்கிறது. அது சங்கிலியை இழுக்கிறது. சங்கிலி பின்சக்கரத்தில் உள்ள பற்சக்கர அடுக்கைச் சுழற்றுகிறது. கடைகளில் இந்த அடுக்கைக் ‘கேசட்’ என்பார்கள். எட்டு கியர் சைக்கிள் என்றால் அதில் எட்டுப் பற்சக்கரங்கள் இருக்கும். பெரியது சக்கரக் கம்பிகளுக்கு அருகிலும் சிறியது வெளிப்புறத்திலும் இருக்கும்.

கேசட்டுக்குக் கீழே தொங்கும் பாகம்தான் பின்கியர் மாற்றி. சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளுவது இதன் வேலை. இதில் இரண்டு சிறு உருளைகள் உண்டு. சங்கிலி அவற்றின் வழியாக ‘எஸ்’ வடிவில் வளைந்து செல்லும். ஹேண்டிலில் உள்ள விசையைச் சொடுக்கினால் மெல்லிய எஃகுக் கேபிள் இழுபட்டு, கியர் மாற்றி பெரிய பற்சக்கரத்தை நோக்கி நகரும். கேபிளைத் தளர்த்தினால், அதிலுள்ள சுருள்வில் அதைச் சிறிய பற்சக்கரத்தை நோக்கித் தள்ளும்.

எல்லாச் சத்தமும் கோளாறு என்று நினைக்க வேண்டாம். மிதிக்காமல் உருளும்போது பின்சக்கரத்தின் மையத்தில் கேட்கும் ‘கிர்ர்ர்’ ஒலி இயல்பானது. உள்ளே இருக்கும் சிறு கொக்கிகள் பற்களின்மீது தாவிச் செல்லும் ஒலி அது. அதேபோல, முன்னால் இரண்டு மூன்று பற்சக்கரங்கள் உள்ள சைக்கிளில், முன்னால் பெரியதையும் பின்னால் பெரியதையும் ஒருசேரப் பயன்படுத்தினால் சங்கிலி குறுக்காக இழுபட்டு உரசும். அதற்குத் திருகாணி எதையும் தொட வேண்டாம். வேறு கியருக்கு மாறினால் போதும்.

முதல் சோதனை: மிதிப்பதை நிறுத்துங்கள்

வாகனம் இல்லாத சமதளப் பாதையில் மெதுவாக ஓட்டுங்கள். சத்தம் வரும்போது, சைக்கிள் ஓடிக்கொண்டிருக்க, மிதிப்பதை மட்டும் நிறுத்துங்கள்.

சத்தம் தொடர்ந்தால் காரணம் சக்கரத்தில் இருக்கிறது. பிரேக் உரசலாம்; தளர்ந்த கம்பியோ கழன்ற பிரதிபலிப்பானோ சத்தம் போடலாம். சத்தம் நின்றுவிட்டால் காரணம் பெடல், முன்பற்சக்கரம், சங்கிலி, கேசட், கியர் மாற்றி ஆகியவற்றுள் ஒன்று. ஒரே நொடியில் சைக்கிளின் பாதிப் பாகங்களைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டீர்கள்.

அடுத்து, கியரை மாற்றிப் பாருங்கள். ஏதோ ஒரு கியரில் மட்டும் சத்தம் வந்தால் சந்தேகம் அந்தப் பற்சக்கரத்தின் மீதும் கேபிள் மீதும் திரும்பும். எல்லாக் கியரிலும் வந்தால் சங்கிலியையோ முன்பகுதியையோ பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது முக்கியம். அறிவியல் பாடத்தில் மாறிகளைக் கட்டுப்படுத்துவது என்று படிக்கிறீர்களே, அதுதான் இது.

தாளத்தை எண்ணுங்கள்

சைக்கிளின் ஒவ்வொரு பாகமும் வெவ்வேறு வேகத்தில் சுழல்கிறது. எனவே, ஒவ்வொரு கோளாறுக்கும் தனித் தாளம் உண்டு. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

முன்பற்சக்கரத்தில் 38 பற்கள், பின்னால் இப்போது சங்கிலி இருக்கும் பற்சக்கரத்தில் 19 பற்கள், சங்கிலியில் 114 கண்ணிகள் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் 38 கண்ணிகள் நகரும். அந்த நேரத்தில் பின்சக்கரம் 38 ÷ 19 = 2 சுற்றுகள் சுற்றும். சங்கிலி ஒரு முழு வலம் வர 114 ÷ 38 = 3 பெடல் சுற்றுகள் தேவை. கியர் மாற்றியில் உள்ள உருளைக்கு 11 பற்கள் என்றால், அது பெடலின் ஒரு சுற்றுக்குள் ஏறக்குறைய மூன்றரை முறை சுற்றிவிடும்.

இனி, வலது கால் கீழே வரும் ஒவ்வொரு முறையும் ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணிக்கொண்டே சத்தத்தைக் கவனியுங்கள்.

• பெடலின் ஒரு சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்றால், பெடல், அதைத் தாங்கும் கிராங்க் தண்டு, முன்பற்சக்கரம் ஆகியவற்றைச் சோதியுங்கள். முதலில் உங்கள் காலணிக் கயிற்றைப் பாருங்கள். அதன் நுனி கிராங்கில் தட்டினாலும் இதே தாளம்தான் வரும்!

• மூன்று சுற்றுக்கு ஒருமுறை என்றால், சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணி மட்டும் இறுகியிருக்கிறது. பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுங்கள். அந்தக் கண்ணி கியர் மாற்றியின் உருளையைக் கடக்கும்போது வளையாமல் துள்ளுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

• ஒரு சுற்றுக்கு இரண்டு முறை, அதுவும் அந்த ஒரு கியரில் மட்டும் என்றால், அந்தப் பின்பற்சக்கரத்தில் ஒரு பல் சேதமடைந்திருக்கலாம்.

• குருவிக் குஞ்சு போல வேகமாகக் ‘கீச், கீச்’ என்றால், கியர் மாற்றியின் உருளை காய்ந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம்.

உங்கள் சைக்கிளில் பற்களின் எண்ணிக்கை வேறாக இருக்கும். ஒரு பல்லில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு எண்ணிக்கொள்ளுங்கள். கணக்கு முறை மாறாது.

ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு

தாளமே இல்லாமல், குறிப்பிட்ட கியரில் தொடர்ந்து ‘கடகட’ என்று கேட்டால் என்ன செய்வது? சங்கிலி தன் பற்சக்கரத்துக்கு நேராக நிற்கவில்லை. பக்கத்துப் பற்சக்கரத்தில் உரசுகிறது என்று பொருள். மிக அடிக்கடி வரும் கோளாறு இதுவே. சரிசெய்யவும் எளிது.

பழைய சைக்கிள்களில் கியர் விசைக்குச் சொடுக்கு கிடையாது. ஓட்டுநர் விசையை மெதுவாக நகர்த்தி, உரசல் சத்தம் அடங்கும் இடத்தைத் தன் காதால் கண்டுபிடித்து நிறுத்துவார். 1984-இல் ஜப்பானிய நிறுவனமான ஷிமானோ, ஒரு சொடுக்குக்கு ஒரு கியர் என்ற முறையைத் தன் உயர்தரப் பந்தயச் சைக்கிள் பாகங்களில் அறிமுகப்படுத்தியது. பிறகு அது சாதாரண சைக்கிள்களுக்கும் வந்தது. அந்நிறுவனம் நமக்கு அந்நியமன்று. 1973-இலேயே சிங்கப்பூரில் கால்பதித்த அது, பின்னர் ஜொகூரின் பொந்தியான் வட்டாரத்திலும் தொழிற்சாலை அமைத்தது.

சொடுக்கு முறையில் அளவு துல்லியமாக இருக்க வேண்டும். எட்டு கியர் கேசட்டில் ஒரு பற்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 4.8 மில்லிமீட்டர். ஷிமானோ வகை விசை, ஒரு சொடுக்கில் கேபிளைச் சுமார் 2.8 மில்லிமீட்டர் இழுக்கும். கியர் மாற்றி அதை ஏறக்குறைய 1.7 மடங்காகப் பெருக்கும். 2.8 × 1.7 = 4.76. கணக்குச் சரியாக இருக்கிறது அல்லவா?

ஆனால், கேபிள் சற்றுத் தளர்ந்தாலும் இந்தக் கணக்கு தவறிவிடும். புதிய சைக்கிள் வாங்கிய சில வாரங்களில் கியர் சத்தம் போடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ‘கேபிள் நீண்டுவிட்டது’ என்பார்கள். உண்மையில் எஃகுக் கம்பி அவ்வளவாக நீளாது. அதைச் சுற்றியுள்ள உறையின் முனைகள் தத்தம் இடங்களில் அழுந்தி உட்கார்ந்துகொள்கின்றன. அதனால் கம்பிக்குத் தளர்ச்சி ஏற்படுகிறது.

கேபிள் கியர் மாற்றிக்குள் நுழையும் இடத்தில், விரலால் திருப்பக்கூடிய ஒரு சிறு உருளைத் திருகு இருக்கும். சில சைக்கிள்களில் அது ஹேண்டில் விசையில் இருக்கும். அதன் மரை இடைவெளி பொதுவாக 0.8 மில்லிமீட்டர். ஒரு முழுச் சுற்றுத் திருப்பினால் கேபிளின் இழுவை 0.8 மில்லிமீட்டர் மாறும். கால் சுற்று என்றால் 0.2 மில்லிமீட்டர். கியர் மாற்றி அதை 1.7 மடங்காக்குவதால், சங்கிலி சுமார் 0.34 மில்லிமீட்டர் நகரும். அதாவது, ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. வெறும் விரல்களால் இவ்வளவு நுணுக்கமாக நகர்த்த முடிகிறது!

செய்முறை இதுதான்:

1. சைக்கிளின் பின்சக்கரம் தரையில் படாதவாறு நண்பர் ஒருவரைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு கையால் பெடலைச் சுற்றுங்கள். சங்கிலி ஓடும்போது விரல்களை அதன் அருகிலோ பற்சக்கரத்தின் அருகிலோ கொண்டுபோகவே கூடாது. பல்லுக்கும் சங்கிலிக்கும் இடையே மாட்டும் விரல் நசுங்கிவிடும். திருகைத் திருப்பும் முன் பெடலை நிறுத்திவிடுங்கள்.

2. ஒரு சொடுக்கில் பெரிய பற்சக்கரத்துக்கு ஏற மறுத்தால் கேபிள் தளர்ந்திருக்கிறது. பின்னாலிருந்து பார்த்தபடி திருகை இடஞ்சுழியாகக் கால் சுற்றுத் திருப்புங்கள்.

3. சிறிய பற்சக்கரத்துக்கு இறங்கத் தயங்கினால் இழுவை அதிகம். வலஞ்சுழியாகக் கால் சுற்றுத் திருப்புங்கள்.

4. ஒவ்வொரு கால் சுற்றுக்குப் பிறகும் பெடலைச் சுற்றிச் சோதியுங்கள். உரசல் அடங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

ஏறவும் தயங்குகிறது, இறங்கவும் தயங்குகிறது என்றால் திருகைத் திருப்பிப் பயனில்லை. கேபிள் உறைக்குள் துருவோ அழுக்கோ சேர்ந்திருக்கலாம், அல்லது ஏதோ ஒன்று வளைந்திருக்கலாம். ‘எச்’, ‘எல்’ என்ற ஆங்கில எழுத்துகள் குறிக்கப்பட்ட இரண்டு சிறு திருகாணிகளையும் கியர் மாற்றியில் காண்பீர்கள். சங்கிலி இரு ஓரங்களையும் தாண்டி விழாமல் தடுப்பவை அவை. அவற்றை ஊகத்தில் திருப்பாதீர்கள்.

சங்கிலிக்கு ஓர் அளவுகோல்

எல்லாக் கியரிலும் கரகரவென்று சத்தம் வந்தால் சங்கிலியைப் பாருங்கள். காய்ந்திருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா என்பதே கேள்வி.

ஆண்டு முழுவதும் ஈரப்பதம் நிறைந்த நம் பருவநிலையில், மழையில் நனைந்து அப்படியே விடப்பட்ட சங்கிலி விரைவில் துருப்பிடிக்கும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா போன்ற கடற்கரைப் பாதைகளில் உப்புக்காற்றும் மணலும் சேர்ந்துகொள்ளும். அழுக்கின்மேல் எண்ணெய் ஊற்றினால், மணலும் எண்ணெயும் கலந்து தீட்டும் பசை போலாகி, சங்கிலியை உள்ளிருந்தே அரிக்கும். முதலில் துணியால் நன்றாகத் துடையுங்கள். பிறகு சைக்கிள் சங்கிலிக்கென விற்கப்படும் எண்ணெயை ஒவ்வோர் உருளைக்கும் ஒரு சொட்டு விடுங்கள். பெடலைச் சில சுற்றுகள் பின்னோக்கிச் சுற்றி, பத்து நிமிடம் கழித்து வெளிப்புற எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது கண்ணிகளுக்குள்ளேதான். வெளியே தங்குவது தூசியை மட்டுமே பிடிக்கும். சமையல் எண்ணெய் வேண்டாம். காற்றுப்பட்டு அது பிசினாகிவிடும்.

தேய்மானத்தை அறிய அளந்து பார்க்க வேண்டும். ஒரு கண்ணியின் ஊசி மையத்திலிருந்து அடுத்த ஊசி மையம் வரை 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். 24 இடைவெளிகளுக்கு 304.8 மில்லிமீட்டர். பள்ளி அளவுகோல் 30 சென்டிமீட்டரில் முடிந்துவிடும். துணி அளக்கும் நாடா நெகிழும். எனவே இரும்பு நாடாவைப் பயன்படுத்துங்கள். பின்பிரேக்கைப் பிடித்தபடி பெடலைச் சற்று அழுத்தச் சொல்லுங்கள். சங்கிலியின் மேற்பகுதி விறைப்பாக நிற்கும்போது அளவெடுங்கள்.

எட்டு கியர் சைக்கிளில் 306 மில்லிமீட்டர் வரை கவலை இல்லை. 307-ஐ எட்டினால் புதிய சங்கிலி போட வேண்டும். 308 என்றால் கேசட்டும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பத்துக்கும் மேற்பட்ட கியர்கள் உள்ள மெல்லிய சங்கிலியை 306-ஐத் தாண்டியதுமே மாற்றுவது நல்லது.

சங்கிலி ரப்பர்போல இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வோர் ஊசியும் அதைச் சுற்றியுள்ள துளையும் தேய்கின்றன. 307 மில்லிமீட்டரில் மொத்த வேறுபாடு 2.2 மில்லிமீட்டர்தான். அதை 24-ஆல் வகுத்தால் ஓர் ஊசிக்கு 0.09 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். அந்தச் சிறு தேய்மானம் 24 இடங்களில் கூடும்போது கண்ணிகள் பற்களுக்கு இடையே சரியாக அமராமல் மேலேறி நிற்கின்றன. அதனால்தான் சத்தமும் வழுக்கலும். தேய்ந்த சங்கிலி பற்களையும் அரித்துத் தன் அளவுக்கு மாற்றிவிடும். பிறகு புதிய சங்கிலி போட்டாலும் பழைய பற்களில் வழுக்கும். சங்கிலியை உரிய நேரத்தில் மாற்றினால் கேசட்டுக்கான செலவு மிச்சம்.

நல்ல நிலையில் உள்ள சங்கிலி வியக்கத்தக்க இயந்திரம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொறியாளர் ஜேம்ஸ் ஸ்பைசரின் குழு 1999-இல் செய்த ஆய்வில், சங்கிலி தனக்குத் தரப்பட்ட ஆற்றலில் 98.6 விழுக்காடு வரை சக்கரத்துக்குக் கடத்தியது.

கீழே விழுந்த சைக்கிள்

வீவக புளோக்கின் கீழும் எம்ஆர்டி நிலையத்திலும் வரிசையாக நிற்கும் சைக்கிள்களில் ஒன்று சாய்ந்தால் மற்றவையும் சாயும். உங்கள் சைக்கிள் வலப்பக்கமாக விழுந்திருந்தால் கியர் மாற்றியைச் சோதியுங்கள். பல சைக்கிள்களில் அது ‘ஹேங்கர்’ எனப்படும் அலுமினியத் துண்டில் தொங்குகிறது. அத்துண்டு வேண்டுமென்றே மென்மையாகச் செய்யப்படுகிறது. அடிபட்டால் சைக்கிள் சட்டம் உடையாமல் அது மட்டும் வளையும். மின்சுற்றில் உருகி செய்யும் வேலையைப் போன்றது இது.

சைக்கிளுக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். கியர் மாற்றியின் மேல் உருளையும் கீழ் உருளையும் பற்சக்கரத்தோடு ஒரே நேர்கோட்டில் தெரிய வேண்டும். கீழ் உருளை சக்கரத்தின் பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்திருக்கிறது. கேபிள் திருகால் இதைச் சரிசெய்ய முடியாது. கையால் நிமிர்த்தவும் முயலாதீர்கள். கடையில் இதற்கென அளவிடும் கருவி உண்டு. கடைக்குப் போகும்வரை மிகப் பெரிய பின்பற்சக்கரத்துக்கு மாற்றாதீர்கள். கம்பிகளுக்குள் சிக்கும் ஆபத்து அங்குதான் அதிகம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது இன்னும் பாதுகாப்பானது.

கடைக்காரரிடம் என்ன சொல்வது?

பெடல் தளர்ந்து ஆடினாலும், கிராங்க் பக்கவாட்டில் அசைந்தாலும், கேபிளின் இழைகள் பிரிந்திருந்தாலும் ஓட்டுவதை நிறுத்திவிட்டுக் கடைக்குச் செல்லுங்கள். பெடலை நீங்களே இறுக்க நினைத்தால் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். வலப்பெடலின் மரை வழக்கமானது. இடப்பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது; அதை இடஞ்சுழியாகத் திருப்பினால்தான் இறுகும்.

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் நான்கு வரிகள் எழுதிக்கொள்ளுங்கள்: மிதிக்கும்போது மட்டும் வருகிறதா? எந்தக் கியரில் வருகிறது? பெடலின் எத்தனை சுற்றுக்கு ஒருமுறை வருகிறது? 24 இடைவெளிகளின் நீளம் எவ்வளவு? “சத்தம் வருது அங்கிள்” என்பதற்குப் பதிலாக, “மூன்று சுற்றுக்கு ஒருமுறை, எல்லாக் கியரிலும், சங்கிலி நீளம் 305” என்று சொல்லிப் பாருங்கள். இறுகிய ஒரு கண்ணியைத் தளர்த்தினால் போதும் என்பது அவருக்கு உடனே விளங்கிவிடும். தேவையில்லாமல் ஒரு கேசட்டுக்குப் பணம் கொடுக்கும் நிலையும் உங்களுக்கு வராது.